தலையில்லாத யமனோத்தே

15 நவம்பர் 2024, வெள்ளி. நிஷி-கசாய்

“அக்கா பையனைப் பார்க்கத்தான் போறேங்கறீங்க. அப்புறம் எதுக்குப் பெட்டியில பாதி காலியா இருக்கு?” என்று கிளம்பும்போது மனைவி கேட்டாள். துணி நாலு செட்டு, மிச்ச இடம் முழுக்கப் பழைய பேப்பர். பீங்கான் வியாபாரிகூட அவ்வளவு பேப்பர் கொண்டுபோக மாட்டான். பதில் சொல்லாமல் ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

எனக்கு மாடல் ரயில் பைத்தியம் பிடித்து ஆறு வருடம் ஆகிறது. வில்லிவாக்கத்தில் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலைச் சங்கு காதில் விழும் தூரத்தில் வளர்ந்தவனுக்கு நிஜ ரயில் போதாதா என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். நிஜ ரயிலை மேஜைமேல் வைக்க முடியாதே. நம் ஊரில் இந்தச் சாமான்களை விற்கிற கடைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவும் சுங்கமும் சேர்ந்து ரயில் விலையை எட்டிப் பிடித்துவிடும். ஜப்பானிலோ இது வீட்டுக்கு வீடு இருந்த பொழுதுபோக்கு. வாங்கியவர்கள் விற்கிறார்கள், விற்றதைப் பாதி விலைக்குக் கீழே அள்ளலாம் என்று படித்துப் படித்து வாயில் எச்சில் ஊறிக் கிடந்தேன். சட்டைப்பையில் ஒரு துண்டுச் சீட்டு: ஒரு மின்சார ரயில், ஒரு சுற்றுப் பாதை, தண்டவாளத்துக்குக் கரண்ட் கொடுக்கும் ஒரு பவர் பேக். மொத்தம் 20,000 யென்னைத் தாண்டக் கூடாது. நம் காசில் சுமார் 11,000 ரூபாய்.

நரிதா ஏர்போர்ட்டில் இறங்கி, டோக்கியோவில் அக்கா பையன் குடியிருக்கும் நிஷி-கசாய்க்கு வந்து சேர்ந்தபோது இரவு எட்டு. இந்தியர்கள் நிறைய இருக்கிற பேட்டை. கீழ்வீட்டிலிருந்து தாளிப்பு வாசனை வந்தது. ஆனாலும் முதல் இரவு ஜப்பான் சாப்பாடுதான் என்று பிடிவாதம் பிடித்து, ஸ்டேஷன் பக்கம் நின்றுகொண்டே சாப்பிடும் ஸோபா நூடுல்ஸ் கடைக்குப் போனோம். வாசலில் இருக்கும் எந்திரத்தில் பணத்தைப் போட்டு டோக்கன் எடுக்க வேண்டும். என்னிடம் இருந்ததெல்லாம் ஏர்போர்ட்டில் மாற்றிய புத்தம் புது நோட்டுகள், போன ஜூலையில் வந்தவை. எந்திரம் பழசு. நோட்டைப் போடப் போட நாக்கை நீட்டுகிற மாதிரி வெளியே தள்ளியது. பின்னால் நின்றவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தன் பர்ஸிலிருந்து பழைய ஆயிரம் யென் நோட்டு ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். என் புது நோட்டை அதே மாதிரி இரண்டு கையால் வாங்கிக்கொண்டார். தலை தாழ்த்தியது அவர்! உதவி வாங்கியவன் நான்.

ஸோபா நன்றாக இருந்தது. காரம்தான் இல்லை.

16 நவம்பர், சனி. அகிஹாபாரா

அகிஹாபாராவில் ரயில் கடைகள் தரையில் இல்லை. நான்கு பேர் நின்றால் மூச்சு முட்டும் லிஃப்டில் ஏறி ஐந்தாவது, ஏழாவது மாடிக்குப் போக வேண்டும். கதவு திறந்ததும் கண்ணாடி அலமாரி, அதற்குப் பின்னால் இன்னொரு கண்ணாடி அலமாரி. சில கடைகளில் அலமாரியின் சின்னச் சின்ன அறைகளையே வாடகைக்கு விடுகிறார்கள். வீட்டில் வேண்டாததை யாரும் கொண்டுவந்து, தானே விலை எழுதி வைத்துவிட்டுப் போகலாம். ஒரே சரக்குப் பெட்டி ஓர் அறையில் 900 யென், பக்கத்து அறையில் 1,400.

நான் மலைத்தது சீட்டுகளைப் பார்த்துத்தான். ஒவ்வொரு பழைய சாமானிலும் கையால் எழுதிய ஒரு சீட்டு. போன் கேமராவைக் காட்டினால் மொழிபெயர்ப்பு வரும். ‘ஓட்டிப் பார்த்தாயிற்று.’ ‘பெட்டி மூலை நசுங்கியது.’ ‘மூன்றாவது பெட்டியின் கூரையில் விரல்நகம் அளவு நிறமாற்றம்.’ மூர் மார்க்கெட் காலம் தொட்டு நாம் பார்த்த பழைய சாமான் வியாபாரத்தில் குறையைக் கண்டுபிடிப்பது வாங்குகிறவன் வேலை, மறைப்பது விற்கிறவன் வேலை. இங்கே விற்கிறவனே குறையை எழுதி ஒட்டிவைக்கிறான். இனி ஏமாறவே முடியாது என்று நினைத்தேன். கர்வம்.

போபோண்டெட்டா கடையில் பெரிய ரயில் பாதை ஒன்று போட்டிருக்கிறார்கள். காசு கொடுத்தால் நம் ரயிலை அதில் ஓட்டலாம். அறுபது வயது தாண்டிய ஒரு அம்மாள், கையில் காய்கறிப் பை, வெங்காயத்தாள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பைக்குள்ளிருந்து புத்தகம் மாதிரி ஒரு உறையை எடுத்தார். உள்ளே நீல நிறத் தூங்கும் வசதி ரயில் ஒன்று, பெட்டி பெட்டியாக. அதைப் பாதையில் ஏற்றி, நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் அரை மணி நேரம் ஓட்டினார். நேரம் முடிந்ததும் ஒவ்வொரு பெட்டியையும் துணியால் துடைத்து உறையில் அடுக்கி, கடைக்காரருக்குத் தலை தாழ்த்திவிட்டுக் கிளம்பினார். இவருக்கு அந்த ரயிலில் என்ன கதையோ. கேட்க மொழி இல்லை.

மதியத்துக்கு மேல் வேறொரு கடையில் என் கண்ணில் அது பட்டது. காட்டோ கம்பெனி செய்த, டோக்கியோவைச் சுற்றிவரும் யமனோத்தே ரயிலின் மாடல். கதவெல்லாம் பச்சைப் புள்ளிகள் போட்ட, 2015-இல் ஓட ஆரம்பித்த இ235 வகை. நாலு பெட்டி, 3,500 யென், வரியோடு 3,850. புதிதாக இதன் நாலு பெட்டித் தொகுப்பு பன்னிரண்டாயிரம் யென்னுக்கு மேல் என்று எனக்குத் தெரியும். கை நடுங்கியது. சீட்டில் ‘நல்ல நிலை’ என்று இருந்தது. பக்கத்திலேயே பவர் பேக் ஒன்று, 1,500, வரியோடு 1,650. இரண்டையும் அணைத்துக்கொண்டு கல்லாவுக்கு ஓடினேன்.

வரி போடுவதற்கு முன் ஐயாயிரம் யென் ஆனால் வெளிநாட்டவருக்குப் பத்து சதவீத வரி கிடையாது. என் பில் சரியாக ஐயாயிரம்! “பாஸ்போர்ட்?” என்றார் கல்லாவில் இருந்த பெண். பாஸ்போர்ட் நிஷி-கசாயில், தலையணைக்கு அடியில். பத்திரமாக இருக்கட்டும் என்று வைத்திருந்தேன். ஐந்நூறு யென் போச்சு. வெளிநாட்டுப் பயணி பாஸ்போர்ட்டைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம் என்று இரவு அக்கா பையன் தனியாக ஒரு டோஸ் விட்டான்.

அது பெரிதில்லை. சாப்பிட்டு முடித்து, தரையில் துண்டு விரித்து, சடங்கு மாதிரி உறையைத் திறந்தேன். முதல் பெட்டி. இரண்டாவது. மூன்றாவது. நாலாவது. அக்கா பையன் குனிந்து பார்த்துவிட்டு, “மாமா, இதுக்குத் தலையே இல்லையே!” என்றான்.

இல்லை. தலையும் இல்லை, வாலும் இல்லை. நாலும் நடுப்பெட்டிகள். அடியில் திருப்பிப் பார்த்தால் மோட்டாரும் இல்லை. யமனோத்தே ரயிலுக்கு மொத்தம் 11 பெட்டி. அதை 4, 4, 3 என்று மூன்று தொகுப்பாக விற்கிறார்கள். முதல் நாலில்தான் இரண்டு தலைப்பெட்டியும் மோட்டாரும் இருக்கும். மற்ற இரண்டும் பின்னால் சேர்த்துக்கொள்ளும் உபரிகள். நான் வாங்கியது உபரி. ஓட, இழுக்க எதற்கும் ஆகாத, நல்ல நிலையில் உள்ள உபரி.

“பவர் பேக்காவது சரியா இருக்கான்னு பாரு” என்று கொடுத்தேன். திருப்பிப் பார்த்தான். சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. “இது 100 வோல்ட், மாமா. நம்ம ஊர்ல சொருகினா வெடிச்சிடும்.”

17 நவம்பர், ஞாயிறு. நகானோ

தூறல். குடை விற்காத கடையே இந்த ஊரில் இல்லை போல.

நகானோ பிராட்வே 1966-இல் கட்டிய கட்டடம். கீழே காய்கறியும் மீனும், மேலே போகப் போகப் பழைய பொம்மை, கடிகாரம், சித்திரக்கதை. மந்தராகே என்ற பழம்பொருள் கடைக்கு இங்கே ஏகப்பட்ட அறைகள். அதில் ஒன்று ரயில் சாமான்களுக்கு. நிஜ ஸ்டேஷன் பெயர்ப்பலகை, டிக்கெட்டில் ஓட்டை போடும் இரும்புக் குறடு எல்லாம் விற்கிறார்கள். குறடு ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்தேன். சின்ன வயதில் சென்ட்ரல் ஸ்டேஷன் கேட்டில் கேட்ட அதே ‘டக்’. விலையைப் பார்த்து அதே வேகத்தில் வைத்துவிட்டேன்.

இன்றைய நாள் ஒரு தாத்தாவுடையது. வேறொரு சின்னக் கடையில், உதிரிப் பெட்டிகள் குவித்த தட்டில் நானும் அவரும் ஒரே நேரத்தில் ஒரே பெட்டிமேல் கை வைத்தோம். அவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டு “தோஸோ” என்றார். நான் “நீங்க எடுங்க” என்று தமிழிலேயே சொன்னேன். அப்படியே இரண்டு மூன்று முறை நடந்தது. கடைசியில் அந்தப் பெட்டியை யாருமே எடுக்கவில்லை.

போனில் நேற்று வாங்கியதைக் காட்டினேன். “ஆ...” என்று இழுத்தார். மருத்துவர் ரிப்போர்ட்டைப் பார்க்கும்போது போடும் சத்தம். என் நோட்டுப் புத்தகத்தை வாங்கி, பேனாவால் பெரிதாக இரண்டு சொற்களை எழுதினார். ஒன்று ‘கிஹோன்’. அடிப்படை. இன்னொன்று ‘ஸோகெட்சு’. கூட்டிச் சேர்ப்பது. முதலாவதைத் தட்டித் தலையாட்டினார். இரண்டாவதைத் தட்டிக் கையைக் குறுக்கே வைத்தார். எழுத்தை எந்த வரிசையில் இழுக்க வேண்டும் என்றுகூடக் காட்டினார். கடைக்கு நடுவில் நின்று ஒன்றாம் வகுப்புப் பையன் மாதிரி நானும் எழுதிப் பார்த்தேன். நேற்று என் போன் இந்த இரண்டாவது சொல்லை ‘பெருக்கம்’ என்று மொழிபெயர்த்திருந்தது. லாபம் பெருகும் என்று எடுத்துக்கொண்டேனோ என்னமோ.

அடுத்த பாடம்: இரண்டு பெட்டிகளை என் இரண்டு உள்ளங்கையிலும் வைத்தார். ஒன்று வெயிட்டு. அதில்தான் மோட்டார். சீட்டைப் படிக்கத் தெரியாவிட்டாலும் கைக்குத் தெரியும். மூன்றாவது பாடம் நான் கேட்காமலேயே வந்தது. என் கூடையில் டோமிக்ஸ் என்ற இன்னொரு கம்பெனியின் தண்டவாளமும் காட்டோ தண்டவாளமும் கலந்து கிடந்தன. இரண்டும் 9 மில்லிமீட்டர்தான், ஆனால் முனையில் பூட்டும் இடம் வேறு வேறு. ஒன்றோடு ஒன்று நேரடியாகச் சேராது. ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பிரித்துக் கொடுத்தார், அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி. கடைசியில் காட்டோ வளைவு எட்டு, நேர்த்துண்டு நாலு, ஒரு பையில் 1,980 யென்.

“இந்தோ?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “ஷின்கான்ஸென்!” என்று கையை அம்பு மாதிரி நீட்டினார். மும்பை–அகமதாபாத் புல்லட் ரயில் பாதையைச் சொல்கிறார். எப்போது முடியும் என்று அடுத்துக் கேட்பாரோ என்று பயந்து பேச்சை மாற்ற வழி தேடினேன். அவர் ஏற்கெனவே தட்டுக்குள் தலையை விட்டிருந்தார்.

கீழ்த்தளத்தில் எட்டு ருசியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தரும் ஐஸ்கிரீம் கடை இருக்கிறது. குளிரில் அதை வாங்கியது என் தப்பு. நாலாவது அடுக்கில் கோபுரம் சாய்ந்து சட்டைக்கு அபிஷேகம்.

18 நவம்பர், திங்கள். ஓமியா

இன்று வாங்குவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டு ரயில் அருங்காட்சியகம் போனேன். 1872-இல் ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் நடுவே ஜப்பானின் முதல் ரயில் பாதை திறந்தபோது ஓடிய முதலாம் எண் என்ஜின் இங்கே நிற்கிறது. இங்கிலாந்தில் வல்கன் ஃபவுண்டரி 1871-இல் செய்தது. நம் ஊருக்கும் நிறைய என்ஜின் அனுப்பிய அதே பட்டறை. நான் நினைத்ததைவிடச் சின்னது, அவ்வளவுதான்.

என்ஜினைவிட அதன் சக்கர இடைவெளியைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன். 1,067 மில்லிமீட்டர். நம் அகலப் பாதை 1,676. உலகத்தில் பல நாடுகளில் 1,435. மாடல் ரயில்காரனுக்கு இது தலைவலிக் கணக்கு. ‘N கேஜ்’ என்ற மாடல் ரயில் அளவில் பாதை 9 மில்லிமீட்டர். பல நாடுகளில் ரயிலை 160-இல் ஒரு பங்காகச் செய்கிறார்கள். 9-ஐ 160-ஆல் பெருக்கினால் 1,440, கணக்கு ஏறக்குறைய ஒத்துப்போகும். ஷின்கான்ஸென் நிஜத்தில் 1,435 என்பதால் அதையும் 160-இல் ஒன்றாகவே செய்கிறார்கள். ஜப்பானின் மற்ற ரயில்களோ சின்ன உருவம். அதே அளவில் செய்தால் குட்டியாகிவிடும் என்று 150-இல் ஒரு பங்காக்கினார்கள். பாதை மட்டும் அதே 9. ஆக, என் யமனோத்தே தன் உடம்புக்கு அகலமான பாதையில் ஓடுகிறது. நம் ரயிலைச் செய்தால் நேர்மாறு, பாதை குறுகிவிடும். முகமும் இல்லாத ரயிலுக்கு இந்தக் கவலை எதற்கு என்று யாரும் கேட்கலாம்.

மதியம் நிறுத்தி வைத்திருந்த ரயில் பெட்டியிலேயே உட்கார்ந்து ரயில் சாப்பாடு. ஆறிப்போனதுதான், ஆனால் ஆறிய பிறகு ருசிக்கட்டும் என்றே சமைத்திருக்கிறார்கள். தயிர்சாதம் கட்டித் தரும் நம் வீட்டுப் பெண்களுக்குப் புரியும் கலை.

19 நவம்பர், செவ்வாய்

கால் வலி. மழை. துணி துவைத்து, பருப்பு வைத்து, தூங்கினேன். மாலை மனைவி போனில், “என்ன வாங்கினீங்க?” “நாலு பெட்டி.” “ஓடுதா?” “சிக்னல் சரியில்ல, அப்புறம் பேசறேன்.”

20 நவம்பர், புதன். ஹச்சியோஜி

“மாமா, சுஓ லைன்ல மாடிப் பெட்டி விட்டிருக்கான். இப்போதைக்குச் சும்மாவே ஏறலாம்” என்று காலையில் அக்கா பையன் சொன்னதை நம்பவில்லை. உண்மை. ஆரஞ்சுப் பட்டை ரயிலில் நாலாவதும் ஐந்தாவதும் புதிய இரண்டு அடுக்குப் பெட்டிகள். போன மாதம் 13-ஆம் தேதியிலிருந்து பரிசோதனை ஓட்டம், தனிக் கட்டணம் பிறகுதான். எல்லா ரயிலிலும் இன்னும் சேர்க்கவில்லை. இரண்டு ரயிலை விட்டு மூன்றாவதில் மேல்மாடி ஜன்னல் கிடைத்தது. தாச்சிக்காவா தாண்டி ஆற்றுப் பாலத்தில் ஒரு நிமிஷம் ஃபூஜி மலை வெள்ளையாகத் தெரிந்தது. எதிர் சீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருந்தவர், சரியாக அந்த இடத்தில் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் பழைய சாமான் கடையைத் தேடித்தான் வந்தேன். நகரத்துக்கு நடுவில் இருக்கும் கடைக்காரர்களுக்கு ரயிலின் விலை தெரியும். புறநகரில் கிட்டார், அரிசி குக்கர், குளிர்காலக் கோட்டு எல்லாவற்றோடும் ரயிலும் வரும். அங்கேதான் அதிர்ஷ்டம். பஸ்ஸைக் கண் எதிரில் தவறவிட்டு இரண்டு கிலோமீட்டர் நடந்தேன்.

இந்தக் கடைகளில் ‘ஜங்க்’ என்று ஒரு மூலை இருக்கும். பிளாஸ்டிக் கூடைகளில் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் சாமான் கிடக்கும். ஜங்க் என்றால் நம் ஊர் காயலான் கடை அர்த்தம் இல்லை. ‘நாங்கள் உத்தரவாதம் தரமாட்டோம், உன் பாடு’ என்பதுதான் அர்த்தம். சும்மா தூசி படிந்ததும் அதில் கிடக்கும், உயிர் போனதும் கிடக்கும். உதிரிச் சரக்குப் பெட்டி 330, பயணிகள் பெட்டி 550. நாலாவது கூடையின் அடியில், ஒரு பொம்மை டைனோசருக்குக் கீழே, அந்தப் பச்சைப் புள்ளிகள்.

உறையின் முதுகைப் பார்த்தேன். நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன். கி-ஹோன். திறந்தேன். முகம் இருந்தது. இரண்டு முகம்! நாலையும் ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்தேன். ஒன்று வெயிட்டு.

2,750 யென். சீட்டில் நாலு வரி. கல்லாவில் இருந்த பையனுக்கு இருபது வயது இருக்கும். காசை வாங்குவதற்கு முன் ரயிலை ஒரு துணியில் வரிசையாக வைத்து, சீட்டின் ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு, பிறகு ரயிலில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினான். ஓடவில்லை. நான் தலையாட்டினேன். முன்விளக்கு ஒன்று எரியவில்லை. ஆட்டினேன். இணைப்புக் கொக்கி ஒன்று உடைந்தது. ஆட்டினேன். அடியில் குழந்தை ஒன்று தன் பெயரை எழுதியிருக்கிறது. அதையும் கவிழ்த்துக் காட்டினான். திருப்பித் தர முடியாது, சரிதானா? மாப்பிள்ளைக்கு இருக்கும் எல்லாக் குறையையும் தாம்பூலம் மாற்றும் முன்பே சொல்லிவிடும் அத்தை மாதிரி இருந்தது. எல்லாவற்றுக்கும் சம்மதம் என்றேன்.

வெளியே வந்தால் நாலரை மணிக்கே இருட்டிவிட்டது. அடுத்த பஸ்ஸுக்கு நாற்பது நிமிஷம். சூப்பர் மார்க்கெட் வாசலில் சூடான கற்களில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தார்கள். 250 யென்னுக்கு ஒரு முழங்கை நீளக் கிழங்கு. ஒரு கையில் கிழங்கு, ஒரு கையில் ரயில். தோல் உரித்தால் உள்ளே பாகு மாதிரி. பஸ் ஸ்டாப்பில் இருந்த பள்ளிக்கூடப் பையன் என் பையில் எட்டிப் பார்த்துவிட்டு, “யமனோத்தே!” என்றான்.

21 நவம்பர், வியாழன்

நிஜ யமனோத்தேயில் ஏறி ஒரு முழுச் சுற்று. 34.5 கிலோமீட்டர், 30 ஸ்டேஷன், ஒரு மணி நேரத்தை ஒட்டி. டிக்கெட்டுக்குப் பிடித்த கேடு என்று நீங்கள் நினைக்கலாம். கதவுப் புள்ளிகள் மேலே போகப் போக அடர்த்தி குறைவதை அருகில் நின்று பார்க்க வேண்டாமா?

22 நவம்பர், வெள்ளி. நிஷி-கசாய்

ஆபரேஷன் நாள். அக்கா பையன் ஆபீஸ் போய்விட்டான். நூறு யென் கடையில் 9 வோல்ட் பேட்டரி ஒன்று, 110 யென். காது குடையும் பஞ்சுக் குச்சி, மருந்துக் கடை ஆல்கஹால். N கேஜ் மோட்டாருக்கு 12 வோல்ட் நேர்மின்சாரம், 9-லும் ஓடும். இரண்டு கம்பியைத் தண்டவாளத்தில் வைத்தேன். அசையவில்லை. சீட்டில் எழுதியதை மறுபடி உறுதி செய்துகொண்டேன், அவ்வளவுதான்.

சக்கரங்களைத் துடைத்தேன். பஞ்சு கறுத்தது, மறுபடி துடைத்தேன், மறுபடி கறுத்தது. அசையவில்லை. மேல்கூட்டை நகத்தால் நெம்பிக் கழற்றி, சக்கரங்கள் மாட்டிய போகியை எடுத்தேன். பல்சக்கரத்தில் தலைமுடி. ஒன்று இரண்டு இல்லை, ஒரு பந்து. கம்பளத்தில் ஓட்டியிருக்கிறார்கள். அடியில் பெயர் எழுதிய குழந்தையாகத்தான் இருக்கும். ஊசியால் ஒவ்வொரு இழையாக எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அம்மாவின் முடியா, நாயின் முடியா தெரியவில்லை. பழுப்பு.

கம்பியை வைத்தேன். ‘ர்ர்ர்’ என்றது. ஒரு சாண் போய் நின்றது. இன்னொரு தடவை தட்டினேன், வளைவைச் சுற்றி வந்து என் முழங்காலில் முட்டியது. எரியாத முன்விளக்குக்கும் நோய் பெரிதில்லை. சக்கரத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் செப்புத் தகடு கறுத்திருந்தது. அந்தக் குழந்தையின் பெயரை மட்டும் துடைக்கவில்லை.

சந்தோஷத்தில் மதியச் சாப்பாட்டை மறந்து, மூன்று மணிக்குப் புளித்த பிளம் வைத்த அரிசி உருண்டை தின்றேன். உப்பு எலுமிச்சை ஊறுகாய்க்கு ஒன்றுவிட்ட தங்கை.

23 நவம்பர், சனி. நிஷி-ஒச்சியாய்

மிச்சம் இருந்தது உடைந்த கொக்கி. காட்டோவின் ஹாபி சென்டர் வாசலில் கேய்க்யூ என்ற ரயில் கம்பெனியின் நிஜச் சிவப்புப் பெட்டி ஒன்று நிற்கிறது. ஜப்பானின் முதல் N கேஜ் ரயிலை, சி50 நீராவி என்ஜினை, 1965-இல் கொண்டுவந்தவர்கள் இவர்கள்தான். மேலே ஒரு சுவர் முழுக்கச் சின்னச் சின்னப் பைகள்: சக்கரம், விளக்கு, கூரைக் கம்பி, ஜன்னல், கொக்கி. எந்த ரயிலை உடைத்துக்கொண்டு போனாலும் மாற்று உறுப்பு கிடைக்கும் போலிருக்கிறது.

ஆனால் எந்தப் பை? எண்ணைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. பெட்டியை எடுத்து ஊழியரிடம் காட்டினேன். பூதக்கண்ணாடியில் பார்த்தார், இரண்டு பையை எடுத்தார், ஒன்றைத் திருப்பி மாட்டினார். 440 யென். பிறகு பெட்டியைக் கவிழ்த்தவர், அந்தக் குழந்தை எழுத்தைப் பார்த்து என்னை நிமிர்ந்து பார்த்தார். “மை நேம் நாட்” என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

24 நவம்பர், ஞாயிறு. நரிதா

கணக்கு: உபரி நாலு 3,850, பவர் பேக் 1,650, தண்டவாளம் 1,980, ஜங்க் 2,750, கொக்கி 440, பேட்டரி 110. மொத்தம் 10,780 யென். நம் காசில் ஆறாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. முதல் நாள் செய்த தப்பு இப்போது ரயிலின் பாதி நீளம் ஆகிவிட்டது. ஸோகெட்சு!

ரயில் கைப்பையில். எக்ஸ்ரே எடுத்த பெண் நிறுத்தித் திறக்கச் சொன்னார். எட்டுப் பெட்டியையும் பார்த்தார். கையுறை போட்ட விரலால் ஒரு பெட்டி கொஞ்சம் சாய்ந்திருந்ததை நேராக்கி மூடிக் கொடுத்தார்.

30 நவம்பர், சனி. வில்லிவாக்கம்

புதன்கிழமை ரிச்சி தெருவுக்குப் போய், 230-ஐ 110 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று 850 ரூபாய்க்கு வாங்கினேன். 1,650 யென் மலிவு பவர் பேக்குக்கு மாட்ட! அதே கடைக்காரர், “சார், 12 வோல்ட் அடாப்டரும் ஒரு ஸ்பீடு கன்ட்ரோலரும் எடுத்திருந்தா அந்தப் பேக்கே வேணாமே” என்றார். குறையைச் சொல்வதில் நம் ஆளும் சளைத்தவர் இல்லை, ஆனால் காசை வாங்கிய பிறகு சொன்னார்.

அடுத்தது பலகை. என் பலகை 4 அடிக்கு 2 அடி. 2 அடி என்றால் 61 சென்டிமீட்டர். நகானோவில் வாங்கிய வளைவு 315 மில்லிமீட்டர் ஆரம், வட்டம் 63 சென்டிமீட்டர். தாத்தா சொல்லித் தராத நாலாவது பாடம், அளவு நாடா. சாப்பாட்டு மேஜைக்கு மாறினோம்.

இன்று காலையிலிருந்து ஃபெங்கல் புயல். தெருவில் முழங்கால் தண்ணீர், ஏர்போர்ட்டை மூடிவிட்டார்கள். மாலை ஆறு மணிக்குப் பாதை பூட்டி, எட்டுப் பெட்டியையும் கோர்த்து, டிரான்ஸ்ஃபார்மரைச் சொருகி, “எல்லாரும் வாங்க” என்று கூப்பிட்டேன். மனைவியும் பொண்ணும் வந்து நின்றார்கள். கரண்ட் போனது.

“இவ்வளவுதானா?” என்றாள் மனைவி, டார்ச்சைத் தேடிக்கொண்டே.

நூறு யென் கடை பேட்டரி கைப்பையில் இருந்தது. இருட்டில் தடவி எடுத்து, இரண்டு கம்பியையும் தண்டவாளத்தில் அழுத்தினேன். முதலில் முன்விளக்கு, இரண்டு வெள்ளைப் புள்ளி. பிறகு அந்த ‘ர்ர்ர்’. ரசம் பாத்திரத்தைச் சுற்றி, உப்பு ஜாடியைத் தாண்டி, பின்பக்கம் சிவப்பு விளக்கோடு வளைந்து போனது. மூன்று சுற்று யாரும் பேசவில்லை. ஜன்னலில் மழை அடித்துக்கொண்டிருந்தது.

“ஏங்க, கையை எடுங்க, நான் கொஞ்சம் பிடிக்கிறேன்” என்று மனைவி பேட்டரியை வாங்கிக்கொண்டாள்.

பொண்ணு மேஜை விளிம்பில் தாடையை வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். “அப்பா, நீங்க அனுப்பின வீடியோல பதினோரு பெட்டி இருந்துச்சு. இதுல எட்டுதானே இருக்கு?”

மிச்சம் மூன்று பெட்டி, இரண்டாவது உபரித் தொகுப்பு. டோக்கியோ பக்கம் யாராவது போனால் சொல்லுங்கள். அந்தச் சொல்லை எப்படி எழுதுவது என்று நான் எழுதித் தருகிறேன்.